அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா? டெக்சாஸ் எலக்ட்ரீஷியன்களுக்காக எழுதியது

டெக்சாஸ் மாநிலத்தில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்ப்பவருக்கு உரிமத் துறையிடமிருந்து நோட்டீஸ் வந்தால், கேட்ட அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம் என்றுதான் பெரும்பாலும் முதலில் தோன்றுகிறது. ஹியூஸ்டனில் தொழில் உரிமம் தொடர்பான வழக்குகளைக் கவனிக்கும் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் கோப்புகளைத் தயாரிக்கும் பணியில் நான் இருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல; இங்கே எழுதுவதைச் சட்ட ஆலோசனையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உரிமத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்களின் கோப்புகளும் இழந்தவர்களின் கோப்புகளும் ஒரே மேசைமீது என் கைக்கு வருகின்றன. வேலையில் நேர்ந்த குறையைவிட, கடிதம் கைக்கு வந்த முதல் சில வாரங்களில் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் பல உரிமங்களின் கதியைத் தீர்மானித்திருக்கின்றன என்பது அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

டெக்சாஸில் எலக்ட்ரீஷியன் உரிமம் முன்பு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 2003இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மின் பாதுகாப்பு மற்றும் உரிமச் சட்டத்தால், 2004 செப்டம்பர் 1 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே உரிமம் கட்டாயமானது. அதை வழங்குவதும், புகார் வந்தால் விசாரிப்பதும், அபராதம் விதிப்பதும் டெக்சாஸ் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறையின் பொறுப்பு. எல்லோரும் டிடிஎல்ஆர் என்று சொல்வது இந்தத் துறையைத்தான். ஜர்னிமேன் (பயிற்சிக் காலம் முடித்த எலக்ட்ரீஷியன்) உரிமம் பெற 8,000 மணி நேரம் களத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேல்நிலையான மாஸ்டர் உரிமத்திற்கு 12,000 மணி நேரமும், அதற்குமுன் இரண்டு ஆண்டுகளாவது ஜர்னிமேனாக இருந்திருப்பதும் தேவை. ஆண்டுக்கு 2,000 மணி நேரம் என்று கணக்கிட்டாலும், மாஸ்டர் ஆவதற்கு 6 ஆண்டு உழைப்பு ஆகிறது. அதோடு, ஒப்பந்த நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு மாஸ்டரின் பெயரில்தான் இயங்க முடியும் என்பதால், அந்த மாஸ்டரின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டால் அவருடைய வருமானத்தோடு அவருக்குக் கீழே வேலை பார்க்கும் அப்ரெண்டிஸ் (பயிற்சியில் இருக்கும்) பையன்களின் சம்பளமும் சேர்ந்து நின்றுபோகிறது.

புகார்கள் பல வழிகளில் வருகின்றன. 2024 ஜூலை 8ஆம் தேதி பெரில் சூறாவளி ஹியூஸ்டனைத் தாக்கி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. அப்படிப்பட்ட நாட்களில் ஜெனரேட்டர் பொருத்தவும் பேனல் (மின் விநியோகப் பெட்டி) மாற்றவும் ஆள் கிடைக்காமல் மக்கள் அலைவார்கள், அவசரத்தில் செய்த வேலையில் பின்னால் குறை தெரியும், பணத் தகராறு எழும், அது புகாராகும். பெர்மிட் எடுக்காமல் வேலை தொடங்கியது, அப்ரெண்டிஸைத் தனியாக வேலைத்தலத்தில் விட்டுவிட்டுப் போனது, வண்டியின் இரு பக்கமும் உரிம எண்ணை எழுதாதது என்று சிறிதும் பெரிதுமாகக் குற்றச்சாட்டுகள் இருக்கும். இவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது, உரிமத்தை வாடகைக்கு விடும் வழக்கம். மாதம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, தான் எட்டிக்கூடப் பார்க்காத நிறுவனத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் பங்குரிமை தன்னிடம் இருந்தாலன்றி, ஒரு மாஸ்டர் ஒரே ஒரு ஒப்பந்த நிறுவனத்துக்குத்தான் பெயர் கொடுக்கலாம் என்பது விதி. யாரோ செய்த தவறான வயரிங்குக்குப் பதில் சொல்லவேண்டிய நிலை வரும்போதுதான் பெயரைக் கொடுப்பதன் பொருள் அவர்களுக்குப் புரிகிறது.

முதலில் வரும் கடிதம் பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும். உங்கள்மீது ஒரு புகார் வந்திருக்கிறது, உங்கள் விளக்கத்தையும் தொடர்புடைய ஆவணங்களையும் அனுப்புங்கள் என்று விசாரணையாளர் கேட்டிருப்பார். அதைப் படித்தவுடன் கைபேசியை எடுத்து விசாரணையாளரிடம் மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடத் தோன்றுவது இயல்பு. தன்மேல் தவறில்லை என்று நம்புகிறவருக்குத்தான் அந்த உந்துதல் அதிகம். ஆனால் அந்த உரையாடலில் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் விசாரணைக் குறிப்பில் ஏறும். ‘அந்த வேலையைப் பையன்தான் பார்த்தான், நான் சாயங்காலம்தான் போனேன்’ என்று தன் நேர்மையைக் காட்டச் சொன்ன ஒரு வாக்கியம், மேற்பார்வை இல்லாமல் அப்ரெண்டிஸை வேலை செய்யவிட்டார் என்ற புதிய குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகிவிடும். அதனால் முதல் பதிலை எழுத்தில், கேட்ட கேள்விக்கு மட்டும், ஆதாரத்தோடு, வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு அனுப்பும்படி எங்கள் அலுவலகத்தில் வற்புறுத்துகிறோம். பதிலே அனுப்பாமல் இருப்பது அதைவிடக் கெடுதல். புகார் கொடுத்தவரின் பேச்சு மட்டுமே கோப்பில் நிற்கும்.

ஆதாரம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடையாளங்களை மாற்றி ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுக் காரேஜில் ஒரு சப்-பேனல் (மெயின் பேனலிலிருந்து மின்சாரம் பெறும் துணைப் பெட்டி) வைத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன்மீது, நியூட்ரலையும் எர்த்தையும் சப்-பேனலுக்குள்ளேயே இணைத்துவிட்டார் என்று புகார். இது சாதாரணக் குறை அல்ல. மெயின் இணைப்பு நுழையும் இடத்தில் மட்டுமே அந்த இரண்டும் சேர வேண்டும்; சப்-பேனலில் சேர்ந்தால் நியூட்ரலில் போகவேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கம்பிகளிலும் உலோகப் பெட்டிகளிலும் ஓடத் தொடங்கும். புகாரோடு வந்த படத்தில், நியூட்ரல் பட்டையைப் பெட்டியோடு இணைக்கும் பச்சைத் திருகு இறுக்கப்பட்டிருந்தது. ஆனால் இவர் வேலை முடித்த அன்றே, மூடியைப் பொருத்துவதற்கு முன் எடுத்து வைத்திருந்த படத்தில் அந்தத் திருகின் துளை காலியாக இருந்தது. நியூட்ரல் பட்டை தனியாகவும் எர்த் பட்டை தனியாகவும் தெளிவாகத் தெரிந்தன. படக் கோப்பில் நாளும் நேரமும் பதிவாகியிருந்தன. அவர் போன பிறகு யாரோ அந்தத் திருகைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதை அதற்குமேல் வாதாட வேண்டியிருக்கவில்லை.

நகர எல்லைக்குள் பெர்மிட் எடுத்துச் செய்த வேலைக்கு நகர ஆய்வாளரின் ஒப்புதல் பதிவு இருக்கும். எந்த நகரத்தின் எல்லையிலும் சேராத கவுண்டிப் பகுதிகளில், சிறிய மின்வேலைகளுக்கு அப்படி ஓர் ஆய்வே நடக்காத இடங்கள் நிறைய. அங்கே வேலை செய்பவருக்கு அவர் எடுத்து வைக்கும் படங்கள்தான் சாட்சி. மூடியைத் திறந்த நிலையில் பேனல், எர்த் ராடுகளை அடிக்கும்போது ஒன்று, இணைத்த பிறகு ஒன்று, டார்க் ஸ்க்ரூடிரைவரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருப்புளி) முனைகளை இறுக்கிய அளவின் குறிப்பு, வாடிக்கையாளரோடு பரிமாறிய குறுஞ்செய்திகள், விலைப்பட்டியல், யார் எந்த நாளில் எந்த நேரம் வேலைத்தலத்தில் இருந்தார்கள் என்ற வருகைப் பதிவு ஆகியவற்றையெல்லாம் கடிதம் வந்த நாளிலேயே ஒரே இடத்தில் சேர்த்துப் பிரதி எடுத்துவிட வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு எதையும் அழிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. இல்லாத பதிவைப் பழைய தேதியிட்டு உருவாக்கி அரசுத் துறையிடம் கொடுப்பது டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 37.10ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். அபராதத்தோடு போயிருக்கக்கூடிய விவகாரம் அதனால் குற்றவியல் வழக்காக மாறிவிடும்.

குறை உண்மையிலேயே இருந்தால் என்ன செய்வது? சரிசெய்ய வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த வீட்டில் குழந்தைகள் இருக்கலாம், தீப்பிடிக்கலாம். அபராதத் தொகையைத் தீர்மானிக்கும்போது கவனிக்கவேண்டியவை என்று சட்டம் குறிப்பிடும் காரணங்களில், மீறலின் தீவிரத்தோடும் முன்வரலாற்றோடும் சேர்த்து, அதைத் திருத்த எடுத்த முயற்சியும் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அந்த வீட்டுக்குள் போகக் கூடாது. போவதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் உள்ளே விட மறுத்தால், சரிசெய்ய முன்வந்ததையும் அவர் மறுத்ததையும் எழுத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பணத்தைத் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள் என்று பேரம் பேசுவது மட்டும் வேண்டாம். புகார் கொடுத்தவர் பின்வாங்கினாலும் துறை விசாரணையைத் தொடரலாம். அந்தப் பேரம் பேசிய குறுஞ்செய்தியும் கோப்பில் சேர்ந்துவிடும்.

விசாரணை முடிந்து, மீறல் நடந்திருப்பதாகத் துறை கருதினால் அடுத்து வருவது மீறல் குற்றச்சாட்டு நோட்டீஸ். என்ன விதி, எந்த நாளில் மீறப்பட்டது, எவ்வளவு அபராதம், உரிமத்தின்மீது வேறு என்ன நடவடிக்கை கோரப்படுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். சட்டப்படி ஒவ்வொரு மீறலுக்கும் நாளொன்றுக்கு 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 20 நாட்களுக்குள், அதை ஏற்றுக்கொள்வதாகவோ விசாரணை அமர்வு வேண்டும் என்றோ எழுத்தில் பதில் தர வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் குற்றச்சாட்டை மறுக்கும் வாய்ப்பே இல்லாமல் உத்தரவு பிறப்பிக்கப்படலாம். நான் பார்த்த கோப்புகளில் மனத்தை மிகவும் வருத்தியவை இவைதான். வீடு மாறியவர் துறைக்குப் புதிய முகவரியைத் தெரிவிக்கவில்லை, நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போனது, வாதாடினால் நிச்சயம் குறைந்திருக்கக்கூடிய தண்டனை முழுதாக வந்து விழுந்தது.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். நோட்டீஸில் சொன்ன அபராதத்தை அப்படியே கட்டுவது, மீறல் நடந்தது என்று ஏற்றுக்கொண்டதற்குச் சமம். அதன்மேல் இறுதி உத்தரவு வெளிவரும். அந்த உத்தரவைத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பெரிய கட்டுமான நிறுவனங்கள் துணை ஒப்பந்தம் கொடுக்கும் முன் அங்கே தேடிப் பார்க்கின்றன. அடுத்த புகார் வந்தால் இந்த உத்தரவு முன்வரலாறாகக் கணக்கில் வரும். மறுமுறை மீறுவோருக்குத் துறையின் தண்டனைத் திட்டம் கடுமையானது. சமரசமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. குற்றச்சாட்டு உண்மையாக இருந்து, தொகையும் நியாயமாக இருந்தால், சமரச உத்தரவில் கையெழுத்திடுவதே பல நேரங்களில் சரியான முடிவு. துறையின் வழக்கறிஞரோடு பேசி, நான்கு குற்றச்சாட்டுகளில் ஆதாரமற்ற இரண்டை நீக்கவைத்து, உரிம நிறுத்தத்தை நன்னடத்தைக் காலமாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. எந்த நிபந்தனைகளின்கீழ் கையெழுத்திடுகிறோம் என்று தெரிந்து கையெழுத்திட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

சமரசம் ஆகாவிட்டால் வழக்கு மாநில நிர்வாக விசாரணை அலுவலகத்துக்குப் போகும். அது டிடிஎல்ஆருக்குக் கீழ்ப்பட்டதல்ல. அங்கே இருக்கும் நிர்வாக நீதிபதி தனித்து இயங்குபவர். மீறல் நடந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு துறையுடையது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், மின்விதிகள் தெரிந்த நிபுணரைக் கூட்டிவரலாம். நீதிபதி தரும் முடிவு ஒரு பரிந்துரைதான். இறுதி உத்தரவை ஆளுநர் நியமிக்கும் 7 உறுப்பினர் ஆணையம் பிறப்பிக்கிறது. நீதிபதியின் உண்மை முடிவுகளை ஆணையம் தன் விருப்பம்போல் மாற்ற முடியாது. சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியது போன்ற குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும். உண்மைகளுக்கான போராட்டம் நிர்வாக நீதிபதியின் முன்னால்தான் நடந்து முடிகிறது. பின்னால் மாநிலத் தலைநகர் ஆஸ்டின் இருக்கும் டிராவிஸ் கவுண்டியின் நீதிமன்றத்துக்குப் போனாலும், அங்கே புதிதாகச் சாட்சி விசாரிப்பதில்லை, இருக்கும் பதிவைத்தான் பார்ப்பார்கள். உத்தரவில் கையெழுத்தான நாளிலிருந்து 25 நாட்களுக்குள் மறுவிசாரணை மனு, அதன் பிறகு முடிவு இறுதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நீதிமன்ற மனு என்று கெடுக்கள் இருக்கின்றன. மறுவிசாரணை மனுவைத் தவறவிட்டவருக்குப் பொதுவாக நீதிமன்றத்தின் கதவும் அடைபட்டுவிடும்.

இதெல்லாம் நடக்கும் மாதங்களில் உரிமம் செல்லுபடியாகத்தான் இருக்கும்; பொதுமக்களின் உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதினால் மட்டும் துறையின் செயல் இயக்குநர் அவசர உத்தரவு பிறப்பிக்கலாம். அதனால் வேலை தொடரும், தொடரவும் வேண்டும். ஆண்டுதோறும் முடிக்கவேண்டிய 4 மணி நேரத் தொடர்கல்வி, புதுப்பிப்புக் கட்டணம், ஒப்பந்த நிறுவனத்துக்குத் தேவையான காப்பீடு (ஒரு நிகழ்வுக்கு 3 லட்சம் டாலர், மொத்தம் 6 லட்சம் டாலர்) ஆகியவற்றில் எதுவும் இந்த நேரத்தில் தவறிவிடக் கூடாது. காலாவதியான உரிமத்தோடு ஒரு நாள் வேலை பார்த்தாலும் அது தனி மீறல். காப்பீட்டு ஒப்பந்தத்தையும் எடுத்துப் படித்துவிடுங்கள்: உரிம விசாரணையின் வழக்குச் செலவை ஏற்கும் பிரிவு சில ஒப்பந்தங்களில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. இருந்தாலும், தாமதமாகத் தெரிவித்தால் தர மறுக்கிறார்கள்.

டெக்சாஸ் ஜர்னிமேன் உரிமத்தைக் காட்டி ஒக்லஹோமா, நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்களில் தேர்வின்றி உரிமம் பெற உடன்படிக்கை இருக்கிறது. வேறு மாநிலத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இதற்குமுன் உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்ற கேள்வியைச் சந்திக்க நேரலாம். அதற்கு உண்மையான பதிலை எழுதி, உத்தரவின் நகலையும், அபராதம் செலுத்திய ரசீதையும், குறை சரிசெய்யப்பட்டதைக் காட்டும் படங்களையும் கூடவே இணைத்து அனுப்பும்படிதான் எங்களிடம் வருபவர்களுக்குச் சொல்கிறோம்.