உபாட் கெகாட்

குழந்தை பிறந்து எட்டாம் நாள், நர்ஸாக என் வீட்டு விசிட். பினாங்கில் பிறை என்ற ஊரில் ஐந்தாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அன்றைக்கு அது எனக்கு ஏழாவது வீடு. கூட வரவேண்டியவர் எம்சி, மருத்துவ விடுப்பு.

தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் நொதி, குறைபாடு என்று வந்த ஆண் குழந்தை. ஐந்து நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். முகத்தில் மட்டும் லேசான மஞ்சள். பால் நன்றாகக் குடித்தது. அப்புறம் பாட்டியிடம், வீட்டில் இருக்கக்கூடாதவற்றின் பட்டியலை வாசித்தேன்.

"உபாட் கெகாட் ஏதும் வச்சிருக்கீங்களா பாட்டி?"

"அந்த உபாட்டெல்லாம் நம்ம வீட்ல கிடையாது மிஸ்ஸி. எல்லாம் கைவைத்தியம்தான்."

கைவைத்தியம் என்றதும் பிடித்துக்கொண்டேன். என்ன மூலிகை, குழந்தைக்குக் கொடுத்தீர்களா, தேன் தொட்டு வைத்தீர்களா என்று ஐந்து நிமிடம். பிறகு கெகாட் கட்டத்தில் 'இல்லை' என்று டிக் போட்டேன்.

பத்தாம் நாள் போனபோது மஞ்சள் பாதம்வரை இறங்கியிருந்தது. துணி எடுக்கப் பாட்டி அலமாரியைத் திறந்தார். மூத்தவனின் பழைய சட்டைகளுக்குள்ளிருந்து வெள்ளை உருண்டை ஒன்று விழுந்து என் பைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கரைந்து கரைந்து நிலக்கடலை அளவுக்கு ஆகியிருந்தது.

"பாச்சா உருண்டையா? இதைத்தான் அன்னிக்குக் கேட்டியா? தமிழ்லயே கேட்டிருக்கலாமேம்மா."

அந்த வாடை போதும், இப்படிப்பட்ட குழந்தைக்கு ரத்த சிவப்பணுக்கள் உடைய. மஞ்சள் ஏறி மூளைவரை போனால் அந்தப் பாதிப்பு திரும்பச் சரியாகாது. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்குக் கீழே சில நாள் இருந்து வீடு திரும்பினான். மிஸ்ஸிதான் காப்பாத்துச்சு என்று பாட்டி பிளாட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

பட்டியல் மலாயில் இருந்தது, நான் வாசித்தேன். அதில் என்ன தப்பு? ஆனால் என் அம்மாவும் பாச்சா உருண்டை என்றுதான் சொல்வார். அன்றைக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது என்று சிஸ்டரிடம் சொன்னேன். யோசித்தால், சளி பிடித்தது மறுநாள்தானோ என்று இருக்கிறது. வாசலிலேயே ஏதோ அடித்தது. பழைய வீட்டு வாடை என்று நினைத்திருப்பேன்.

அடுத்த மாதம் ஊழியர் மனநலத்துக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது. வீடுகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை, அலமாரியைத் திறந்து காட்டச் சொல்கிறேன். சிலருக்கு முகம் சுண்டிவிடும், பரவாயில்லை. போன வாரம் ஆறாவது வீட்டில் மணி மூன்றாகியும் நான் சாப்பிட்டிருக்கவில்லை. அங்கே திறக்கச் சொல்லவில்லை.