இருபத்தாறு 'ஐ நோ'

மார்ச் 30
2020இல் அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் இறந்த தேதி. காலையிலிருந்து அவருடைய 'எய்ன்ட் நோ சன்ஷைன்' மட்டும்தான். இரண்டே நிமிடப் பாட்டு. நடுவில் 'ஐ நோ, ஐ நோ' என்று மூச்சு விடாமல் போகுமே, அதை எண்ணிப் பார்த்தேன். முதலில் 24. மறுபடி எண்ணினால் 26. அங்கே வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தாராம். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸும் மற்றவர்களும், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். இவரோ அப்போது ஆலைத் தொழிலாளி. பெரிய ஆட்கள் சொன்னதை மறுக்கவில்லை.

ஏப்ரல் 1
அந்தப் பாட்டு வந்த 1971 ஆல்பத்தின் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செங்கல் சுவர், கையில் சாப்பாட்டுப் பெட்டி. வேஷமில்லை, விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் ஆலையில், இடைவேளையில் எடுத்த படம். அப்போது 32 வயது. மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். திக்குவாய். ஒன்பது வருடம் கடற்படை. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகும் வேலையை விட யோசித்தாராம். இசைத் தொழிலை நம்பவில்லை. கெட்டிக்காரர்!

ஏப்ரல் 2
ஆபீசில் கணக்கு முடிக்கும் நாள். பாட்டு கேட்கவில்லை.

ஏப்ரல் 4
'லவ்லி டே'யில் ஒரே சுரத்தை 18 விநாடி பிடிப்பார். நானும் முயன்றேன். 9 விநாடியில் இருமல். எல்லோரும் அதைத்தான் வியக்கிறார்கள். எனக்கென்னவோ பாட்டியைப் பற்றிய 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' அதைவிட ஒரு படி மேல். இரண்டு நிமிடத்துக்குள் ஒரு கிழவி எழுந்து வந்துவிடுகிறாள்.

1985க்குப் பிறகு புது ஆல்பமே இல்லை. இசைத்தட்டுக் கம்பெனி ஆட்கள் எந்தப் பாட்டைப் பாடலாம் என்று யோசனை சொல்ல வந்ததில் வெறுத்துப்போனார். முன்பு இதைப் படித்தபோது வீண் பிடிவாதம் என்று தோன்றியது. அன்று 'ஐ நோ'வுக்குத் தலையாட்டியவர்தானே! ஆனால் அன்று சொன்னவர்கள் இசைக்கருவி வாசிக்கத் தெரிந்தவர்கள்.

ஏப்ரல் 7
'லீன் ஆன் மீ', 1972இல் அமெரிக்காவில் முதலிடம். புதிதாக வாங்கிய சின்ன எலக்ட்ரிக் பியானோவில் விரலை அப்படியே மேலும் கீழும் நகர்த்தியதில் பிறந்த மெட்டு. மகளின் கீபோர்டில் சி, டி, இ, எஃப் என்று ஏறி அதே வழியில் இறங்கினேன். வந்துவிட்டது! அவள் எட்டிப் பார்த்து, "அப்பா, இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான். அப்புறம் கீபோர்டு எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.