திருத்தாமல் இருக்கப் பழகியது

அப்பா 35 வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். அவருக்கு மறதிநோய் என்று உறுதியான முதல் வருடம், வீட்டில் புரூஃப் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இன்று செவ்வாய் என்பார். “இல்லப்பா, வியாழன்” என்பேன். சாப்பிடவே இல்லை என்பார். கழுவிக் கவிழ்த்த தட்டைக் காட்டுவேன். ஒரு தவறையும் விட்டதில்லை. விடாமல் நினைவுபடுத்தினால் நோய் கொஞ்சம் பின்வாங்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் என்னைக் கண்டாலே அவர் பேச்சை நிறுத்திக்கொள்ள ஆரம்பித்தார்.

ஒரு நாள் “அம்மா எங்கே?” என்று கேட்டார். அவருடைய அம்மா. “பாட்டி போய் 20 வருஷமாச்சுப்பா” என்றேன். அந்த நிமிடம்தான் சேதி வந்ததுபோல் உடைந்து அழுதார். கொஞ்ச நேரத்தில் எதற்கு அழுதோம் என்பது மறந்துவிட்டது. முகத்தில் துக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மறுநாளும் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இதற்கான காரணத்தை அப்புறம்தான் படித்தேன். அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிபடுவது, புதிய நினைவுகளைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி. உணர்ச்சி அதோடு சேர்ந்து போய்விடுவதில்லை. 2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத் துண்டுகளையும் சிரிப்பூட்டுகிற துண்டுகளையும் போட்டுக் காட்டிச் சோதித்தார்கள். பார்த்தது என்ன என்பது சில நிமிடங்களில் பெரும்பாலும் மறந்துவிட்டது. வருத்தமும் மகிழ்ச்சியும் அதற்குப் பிறகும் நீடித்தன. அப்பா ஏன் என்னைத் தவிர்த்தார் என்று அப்போது விளங்கியது. நான் சொன்ன வியாழன்களில் ஒன்றுகூட அவரிடம் தங்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்கிற என் குரல் தங்கியிருக்கும்.

அடுத்த தடவை கேட்டபோது, “பாட்டி ஞாபகம் வந்துருச்சாப்பா? அவங்க எப்படி இருப்பாங்க?” என்றேன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சொன்னார். நான் கேட்டிராத கதை. இது பொய் சொல்வது ஆகாதா என்று தம்பிக்குச் சந்தேகம். பாட்டி இருக்கிறார் என்று நான் சொல்லவே இல்லையே!

வீட்டுக்கு வருகிறவர்களைப் பழக்குவதுதான் பெரும்பாடு. உள்ளே நுழைந்ததும் “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் அவருக்கு அது பரீட்சை. சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தோற்கப்போவது தெரிந்தே எழுதுகிற பரீட்சை. இப்போது வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயரையும் உறவையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். தம்பிகூட வீடியோ காலில் “அப்பா, நான் உங்க சின்னப் பையன் பேசறேன்” என்றுதான் தொடங்குகிறான்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பின்னாலிருந்து கூப்பிடாமல் எதிரே வந்து உட்கார்ந்து பேசுவது, டிவியை நிறுத்துவது, ஒரு சமயத்தில் ஒரே கேள்வி கேட்பது. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். பல தடவை பதில் எட்டிலோ ஒன்பதிலோ வந்திருக்கிறது. ஒரு வாரம் அவர் பேச்சே குறைந்துபோய், நோய் முற்றிவிட்டது என்று நான் கலங்கியபோது, தீர்ந்திருந்தது காது மெஷினின் பேட்டரி.

இன்னொரு தடவை இரண்டே நாளில் ஆளே மாறிப்போனார். தூக்கமில்லை, இல்லாத ஆட்களோடு பேச்சு. முதலில் பார்த்த மருத்துவர் “இந்த நோய் அப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர்தான், மறதிநோய் இவ்வளவு வேகமாக மாறாது, வேறு ஏதோ இருக்கிறது என்று சோதிக்கச் சொன்னார். சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்த பிறகு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிட்டார். திடீர் மாற்றம் என்றால் நோயின் தலையில் பழியைப் போடாமல் உடனே காட்டுங்கள்.

சாயங்காலம்தான் சிரமம். இருட்டத் தொடங்கினால் “வீட்டுக்குப் போகணும்” என்று எழுந்துவிடுவார். “இதுதாம்ப்பா வீடு” என்று வாதாடிப் பார்த்து ஓய்ந்தவள் நான். இப்போது இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, ஒரு பக்கம் எதையாவது பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பென்சிலோடு அவர் முன்னால் வைக்கிறேன். சும்மா செய்து பார்த்ததுதான். கை தானாக வேலையை எடுத்துக்கொண்டது. ‘அந்த பக்கம்’ என்றிருந்த இடத்தில் நடுவே ஒரு ‘ப்’ போட்டார். என் பெயர் அன்று அவருக்கு நினைவில்லை. என்னைப் பிரஸ்ஸிலிருந்து வந்த ஆள் என்று நினைத்து, “மேட்டர் எப்போ வேணும்?” என்று கேட்டார். “அவசரமில்ல சார்” என்றேன்.

அதிலிருந்து நானே எழுதுகிறேன். அவரைப் பற்றி, பாட்டி கதை, தம்பியின் வேலை, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அரைப் பக்கம். வேண்டுமென்றே நாலு ஒற்றை விட்டுவிட்டு. ஒரு தடவை, “யார் எழுதினது?” என்றார். நான்தான் என்றேன். “விஷயம் நல்லா இருக்கு. ஒற்றுதான் தகராறு.”

இந்த வருடம் திருத்தங்கள் குறைந்துவிட்டன. பென்சில் வரியோடு மெல்லப் போகிறது, பெரும்பாலும் எங்கும் நிற்பதில்லை. நேற்று ஓரிடத்தில் நின்றது. பிழையே இல்லாத ஒரு சொல்லை வட்டமிட்டு, கூடுதலாக ஒரு ‘க்’ போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆமாம்ப்பா, கவனிக்கல” என்றேன்.