பெரிய கோயில் நிழலும் ஃபார்வர்டு சண்டையும்

"தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது." வாட்ஸ்அப்பில் படத்தோடு சுற்றும் இந்த ஃபார்வர்டை மறுத்தால் உடனே தமிழ்த் துரோகி பட்டம்தான். பட்டத்துக்குப் பதில் சொல்லாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள்.

விமானம் சுமார் 60 மீட்டர் உயரம். அடித்தளம் ஒரு பக்கம் ஏறக்குறைய 30 மீட்டர், அதாவது உச்சிக்கு நேர் கீழிருந்து விளிம்புக்கு 15 மீட்டர். மார்ச், செப்டம்பர் 21 வாக்கில் நண்பகலில் உச்சியின் நிழல் நீளம் 12 மீட்டருக்குள்தான். அது கட்டடத்தின் மேலேயே விழுந்துவிடும். வதந்தியின் வேர் இதுதான். டிசம்பர் 21 நண்பகலில் அதே நிழல் 40 மீட்டர் நீண்டு வடக்குப் பக்கத் தரையில் கிடக்கும். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே, எந்த நாளும் பார்க்கலாம்.

ஆகவே படம் போடுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது தேதியும் நேரமும். கூகுள் லென்ஸில் போட்டுப் பழைய படமா என்றும் பாருங்கள். ஆளைத் திட்டினால் அவர் இறங்கி வரமாட்டார். மாலை நிழல் படம் ஒன்றைப் போட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

எனக்கு வருத்தம் வேறு. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்னவர் ராஜராஜன். குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரும் அங்கே இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.