செவலைக்குச் சர்க்கரை இல்லை

பயந்துபோன பூனையின் ரத்தம் பொய் சொல்லும். இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் இத்தனை வெசனம் இருந்திருக்காது, கொஞ்சம் பணமும் மிச்சமாகியிருக்கும்.

செவலை எங்கள் தோட்டத்துச் சாளையில் பிறந்த கடுவன். 10 வயசாகிறது. கொஞ்ச நாளாகவே வட்டலைப் பார்த்ததும் ஓடி வருவான், ஒரு வாய் வைப்பான், உடனே தலையைச் சிலுப்பிக்கொண்டு பின்னால் போய்விடுவான். வாயோரம் எச்சில் ஒழுகியது. கருவாட்டைக்கூட ஒரு பக்கமாகவே கடித்தான். பல் கோளாறு என்று எங்களுக்கே தெரிந்துவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுசர். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “பல்லைப் புடுங்கோணும் அம்மணி. மயக்க மருந்து குடுத்துத்தான் செய்ய முடியும், இங்கே அதுக்கு வசதி இல்லை” என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்துப் போனது டவுனில் ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். வியாழக்கிழமை, பொள்ளாச்சிச் சந்தை நாள். மாடு ஏற்றிய டெம்போக்களுக்கு நடுவே பைக்கில் போய்ச் சேர்வதற்குள்ளேயே பை நனைந்துவிட்டது. ஜிப் வைத்த துணிக்கடைக் கட்டைப்பை. ஊரில் முக்கால்வாசிப் பூனைகள் ஆஸ்பத்திரிக்குப் போவது அதில்தான். கிளினிக்கில் நாய்க்கும் பூனைக்கும் கிளிக்கும் ஒரே ஹால், ஒரே பெஞ்சு. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் நேரம் போகிறதே தவிர நம்பர் வரவில்லை. பக்கத்தில் ஒரு லேப்ரடார் வந்து பைக்குள் மூக்கை விட்டது. அதைக் கூட்டி வந்தவர், “ஒண்ணும் பண்ணாதுங்க்கா, சும்மா மோந்துதான் பாக்கும்” என்றார். அது ஒன்றும் பண்ணாது, சரி. உள்ளே இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

உள்ளே கூப்பிட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. உதவியாளர் பையை மேசைமேல் கவிழ்த்தார். வழுக்கும் எவர்சில்வர் மேசை. நகம் நாலும் பிடி கிடைக்காமல் கிறீச்சென்று இழுபட, செவலை மூலைக்கு ஓடினான். அவர் பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்து ஒருக்களித்து அமுக்கினார். முன்னங்காலில் ரத்தம் எடுத்து முடிக்கும்போது செவலை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த டாக்டருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? நடுவில் எங்கள் வீட்டுக்காரர் மணிக்கட்டில் ரத்தம் வருமளவுக்கு ஒரு கீறல். அதற்கு அவர் பெரியாஸ்பத்திரிக்குத் தவணை தவணையாக நடந்து வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டது தனிக் கதை. பூனை கீறினாலும் அந்த ஊசி உண்டு, சும்மா விட்டுவிடாதீர்கள்.

ரிசல்ட் வந்தது. சர்க்கரை 268. “சுகர் இருக்குதுங்க. இதை வச்சுட்டு மயக்கம் குடுக்க முடியாது. முதல்ல இன்சுலின் ஆரம்பிக்கலாம், பல்லை அப்புறம் பாக்கலாம்” என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து சொன்னால் எங்கள் அத்தைக்கு நம்ப முடியவில்லை. “எனக்கே அம்பது வயசுக்கு மேலதான் வந்துச்சு. இதென்ன, பொங்கலும் பூந்தியுமா தின்னுச்சு?” என்று கேட்டார்.

என் அக்கா மகன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறான். போனில் அவன் கேட்டது இரண்டே கேள்வி. “சித்தி, ரத்தம் எடுக்கறப்ப வாயைத் திறந்து மூச்சு வாங்குனானா? மூத்திரத்துல சர்க்கரை பாத்தாங்களா?” முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை. அப்புறம்தான் விளக்கினான். பூனை பயந்தால் அட்ரினலின் ஏறி, கல்லீரலில் இருக்கும் சர்க்கரை ரத்தத்தில் கொட்டுமாம். எல்லாப் பிராணிக்கும் நடப்பதுதான், ஆனால் பூனைக்கு ரொம்பவே தூக்கிக் காட்டும். நோயே இல்லாத பூனைக்கு 250, 300 வருவது அதிசயமில்லை. நிஜமாகவே சர்க்கரை நோய் என்றால் தண்ணீரை ஓயாமல் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும், அந்த மூத்திரத்திலும் சர்க்கரை தெரியும். பிரக்டோசமின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது முந்தைய ஒன்றிரண்டு வாரத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும், அந்த நேரத்துப் பயம் அதைத் தொடாது. “இதெல்லாம் பாக்காம இன்சுலின் போட்டுடாதீங்க சித்தி, சர்க்கரை இல்லாத பூனைக்குப் போட்டா உயிருக்கே ஆபத்து” என்றான். பிடரியைப் பிடித்துத் தூக்குவதும் கூடாதாம். 2022இல் வந்த பன்னாட்டுப் பூனை மருத்துவ வழிகாட்டுதலிலேயே வேண்டாம் என்று இருக்கிறதாம்.

சரி, மூத்திரம் பிடிப்பது எப்படி? பொடக்காலி மண்ணில் தோண்டிப் போகிற பூனையிடம் போய் டப்பாவை நீட்டவா முடியும்? மீன்தொட்டியில் போடும் பொடிக்கல்லை வாங்கி, கழுவிக் காயவைத்து, அகலத் தட்டில் கொட்டி, பாத்ரூமில் வைத்துப் பூனையையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம். கல் எதையும் உறிஞ்சாது, ஈரம் அடியில் தேங்கும். ராத்திரி முழுக்கக் கத்தினான். கல்லை ஒரு மூலையில் குவித்தான், கலைத்தான், மறுபடி குவித்தான். விடியக்காலையில் மனசு வைத்தான். தட்டைச் சாய்த்து ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, மூத்திரத்தில் சர்க்கரை பார்க்க மெடிக்கலில் மனுசருக்கு விற்கும் பட்டையில் ஒரு சொட்டு விட்டோம். அட்டையில் போட்டிருக்கும் நேரம் வரைக்கும் காத்திருந்து பார்க்க வேண்டும், சீக்கிரமாகவும் கூடாது, தாமதமாகவும் கூடாது. பட்டையின் இளநீலம் மாறவேயில்லை, மூத்திரத்தில் சர்க்கரை இல்லை. அத்தை பக்கத்தில் நின்று, “பாரு, நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்தது கோயமுத்தூரில் பூனைகளை அதிகம் பார்க்கிற ஒரு டாக்டர். முதல் தடவை பூனையைக் கொண்டுபோகவே இல்லை. செவலை சாப்பிடும் வீடியோவையும் பட்டையின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் மட்டும் போனார். இது நல்ல யோசனை. பல டாக்டர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஆனால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. பழைய ரத்த ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். எங்களிடம் இருந்தது ஒரு துண்டுச்சீட்டு, அதில் சர்க்கரை அளவு மட்டும். கிட்னி, ஈரல் எல்லாம் பார்த்ததாகச் சொல்லிக் காசு வாங்கியிருந்தார்கள், தாள் தரவில்லை. பழைய கிளினிக்குக்குத் திரும்பப் போனால், “கம்ப்யூட்டர்ல இன்னும் ஏத்தலீங்க”. மறுபடி போனால், “டாக்டர் இருக்கறப்ப வாங்க”. டாக்டர் இருக்கும்போது போனால் கூட்டம். கடைசிவரை கைக்கு வரவில்லை. எந்தக் கிளினிக்காக இருந்தாலும் வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் இல்லாததன் விளைவு மருந்தில் தெரிந்தது. பயம் தெளிய, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொடுக்கச் சொல்லி காபாபென்டின் எழுதினார். அது கிட்னி வழியாக வெளியேறும் மருந்து. வயசான பூனை, கிட்னி நிலவரம் தெரியாது என்பதால் அளவைக் குறைத்தே எழுத வேண்டியிருந்தது. அளவுக்குப் பூனையின் எடை வேண்டும். தேங்காய்க் களத்தில் கொப்பரை நிறுக்கிற தராசில் காலிக் கூண்டை ஒருமுறையும் பூனையோடு ஒருமுறையும் வைத்துக் கழித்துக்கொண்டோம். மெடிக்கலில் கவனம் தேவை. நரம்பு வலிக்கு மனுசருக்குத் தருகிற, விட்டமின் சேர்ந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்து, “அதே மருந்துதானுங்க” என்றார்கள். அதே மருந்து இல்லை. வெறும் காபாபென்டின் கேப்ஸ்யூல்தான் வேண்டும் என்று நின்று வாங்கினோம். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய மிச்சத்தை எடுத்து நீங்களாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். மாத்திரைப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பாரசிட்டமால் பூனைக்கு விஷம், கால் மாத்திரைகூட.

கூண்டு விஷயத்தில் ஒரு செலவு தவிர்க்க முடியாது. மேல்மூடி தனியாகக் கழலுகிற பிளாஸ்டிக் கூண்டாக வாங்குங்கள். முன்கதவு மட்டும் இருக்கிற கம்பிக்கூண்டில் பூனையை இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், சண்டை அங்கேயே ஆரம்பித்துவிடும். வாங்கி வந்த அன்றைக்கே பூனையைத் திணிக்கவும் கூடாது. ஆசாரத்து ஓரத்தில் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே அவன் படுக்கும் பழைய லுங்கியை விரித்தேன். முதலில் பக்கத்திலேயே வரவில்லை. மத்தி மீன் வேகவைத்த தண்ணீரை வாசலில் வைத்து, பிறகு கொஞ்சம் உள்ளே, அப்புறம் இன்னும் உள்ளே. ஒருநாள் பார்த்தால் உள்ளேயே தூங்குகிறான். பூனைக்கென்று விற்கிற வாசனை ஸ்பிரே எல்லாம் இருக்கிறது, விலையைக் கேட்டதும் லுங்கியே போதும் என்று தோன்றியது.

கிளம்புகிற காலையில் கேப்ஸ்யூலைப் பிரித்து அதே மீன் தண்ணீரில் கலந்தேன். மருந்து கசப்பு, வாயில் நுரை தள்ளினான். பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டால் சரியாகிவிடும். பைக் வேண்டாமென்று தெரிந்தவர் காரைக் கேட்டு வாங்கினோம். கூண்டை முன் சீட்டுக்குப் பின்னால் கீழே வைத்து, மேலே துண்டு போர்த்தியாயிற்று. கிணத்துக்கடவு தாண்டும்வரை முனகினான், பிறகு சத்தமில்லை. போய்ச் சேர்ந்ததும் உள்ளே நுழையாமல், “வந்துட்டோம், கார்லயே இருக்கோம்” என்று போனில் சொன்னோம். காலையில் முதல் ஆளாகத்தான் நேரம் கேட்டு வாங்கியிருந்தோம். அந்த ஒரு ஏற்பாட்டிலேயே பாதிப் பயம் போய்விடும். காரில் இருக்க வழியில்லை என்றால் கூண்டைத் தரையில் வைக்காமல் பெஞ்சிலோ மடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு உயரம்தான் பாதுகாப்பு. நாய் மூக்கும் அங்கே எட்டாது.

டாக்டர் கதவைச் சாத்தினார், ஃபேனைக் குறைத்தார், கூண்டின் மேல்மூடியை மட்டும் எடுத்தார். செவலை லுங்கியிலேயே படுத்திருந்தான், தலையைத் துண்டு மூடியிருந்தது. பின்னங்காலில் ரத்தம் எடுத்ததே தெரியவில்லை. வாயை மட்டும் ஒரு நொடி திறந்து பார்த்து, பல்லின் வேர்ப் பக்கம் அரித்திருக்கிறது, வயசான பூனைகளுக்கு இது சகஜம் என்றார்.

சர்க்கரை 118.

“இது சர்க்கரைப் பூனை இல்லைங்க” என்று அவர் சொன்னபோது வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவர் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தேன். பிரக்டோசமினும் பிறகு சரியாகவே வந்தது. கிட்னியும் பழுதில்லை. பல் எடுத்தது இன்னொரு நாள். அதே கூண்டு, அதே மருந்து, எத்தனை மணிக்கு மேல் சோறு கூடாது என்று அவர் சொன்னபடி பட்டினி. சாயங்காலம் கூட்டி வந்துவிட்டோம்.

ஒன்றை மட்டும் யாரும் எச்சரிக்கவில்லை. செவலையோடு வளர்ந்த கருப்பி, அவன் வீட்டுக்குள் வந்ததும் வாலைப் புஸ்ஸென்று உப்பவைத்துக்கொண்டு பாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசனை அடித்தால் கூடப் பிறந்ததையே அந்நியம் என்று நினைக்குமாம். மயக்கம் முழுசாகத் தெளியாதவன், பின்னங்கால் தள்ளாடுகிறது, திருப்பி அடிக்கவும் முடியவில்லை. சின்ன ரூமில் தனியாகப் போட்டு, கருப்பி படுக்கும் சாக்கை அவனுக்கும் அவன் லுங்கியை அவளுக்கும் மாற்றிப் போட்டு, இரண்டும் கதவிடுக்கில் மோப்பம் பிடித்து உறுமுவதை நிறுத்திய பிறகுதான் ஒன்றாக விட்டோம். இரண்டு பூனை வைத்திருப்பவர்கள் இந்த ரூமை முன்னாலேயே ஒழித்து வையுங்கள். மருந்து கொடுத்த அன்று மதில்மேல் ஏறவும் விடாதீர்கள், விழுந்துவிடும்.

இப்போது இரண்டு பக்கமும் கடித்துச் சாப்பிடுகிறான். எனக்கு ஆத்திரம் தீராத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பழைய கிளினிக்காரர்கள் அவனுடைய தடுப்பூசிப் புத்தகத்தில் ‘சர்க்கரை நோய்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். அதை அடித்துவிடச் சொல்லிக் கோயமுத்தூர் டாக்டரிடம் கேட்டேன். “இன்னொருத்தர் எழுதுனதை நான் அடிக்கக் கூடாதுங்க” என்று சொல்லி, அதற்குக் கீழே புது அளவுகளைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த ஊசிக்கு யாரிடம் போனாலும் அந்தக் கீழ் வரியை விரலால் காட்டிவிட்டுத்தான் புத்தகத்தைக் கையில் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன்.