குடும்ப நல வழக்கு நடத்துகிறீர்களா? இப்படிப் படித்துப் பாருங்கள்

எந்தக் கருத்தரங்குக்குப் போகலாம், எந்த ஆன்லைன் சான்றிதழ் படிப்பில் சேரலாம் என்றுதான் ஜூனியர்கள் கேட்கிறார்கள். போங்கள், தப்பில்லை. ஆனால் எனக்குக் கைகொடுத்தது ஒரு தீர்ப்பை முழுசாகப் படித்து, அதை வைத்து ஒரு மனு எழுதிப் பார்ப்பதுதான். வாட்ஸ்அப்பில் வரும் நாலு வரிச் சுருக்கத்தை நம்பி வாதாடினால் எதிர்த்தரப்பு சீனியர் அடுத்த பத்தியைப் படித்துக் காட்டிவிடுவார்.

முதலில் ஜீவனாம்சம் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ரஜ்னேஷ் எதிர் நேஹா, 2020. மனு தாக்கல் செய்த நாளிலிருந்து ஜீவனாம்சம் என்பதை எல்லோரும் சொல்வார்கள், பின்னால் இணைத்திருக்கும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தை எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள்? கட்சிக்காரருக்கு நிரப்புவதற்கு முன் உங்கள் வீட்டு வரவு செலவை வைத்து நீங்களே ஒன்றை நிரப்புங்கள். வாடகை, காப்பீட்டுத் தவணை, வங்கிக் கடன், பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக இறங்கும்போதுதான் ஆள் எந்த இடத்தில் மழுப்புவார் என்பது பிடிபடும். குறுக்கு விசாரணைக்கான கேள்விகள் அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம், இருவரும் ஒத்துக்கொண்டு விவாகரத்துக் கேட்கும் இந்து திருமணச் சட்டம் 13பி-யின் ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்ற 2017 அமர்தீப் சிங் தீர்ப்பையும் 2023 ஷில்பா சைலேஷ் தீர்ப்பையும் சேர்த்தே படியுங்கள். பின்னது, மீளமுடியாமல் முறிந்த திருமணத்தைக் கலைக்க உச்ச நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 142-இல் உள்ள அதிகாரம் பற்றியது. ‘உறவு மீளமுடியாமல் முறிந்துவிட்டது’ என்று மட்டும் சொல்லிக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுப் போட அது வழி திறக்கவில்லை. யூடியூப் பார்த்துவிட்டு வரும் கட்சிக்காரர் இதைத்தான் கேட்பார்.

ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 125 போய் 1.7.2024 முதல் அதன் இடத்தில் வந்த புதுச் சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) 144 வந்ததற்கு ஒரு மாலை நேரம் போதும். புதிய சாட்சியச் சட்டத்துக்குத்தான் உட்கார வேண்டும். போன் பதிவு போன்ற மின்னணுச் சாட்சியத்துக்குப் பழைய சட்டத்தில் 65பி இருந்த இடத்தில் இப்போது 63, சான்றிதழ் இரண்டு பகுதி, ஒன்று தரப்பினர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. போன் பதிவு இல்லாத விவாகரத்து வழக்கே அபூர்வமாகிவிட்டது, கணவனோ மனைவியோ துணைக்குத் தெரியாமல் எடுத்ததையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025-இல் விபோர் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்தாயிற்று.

வாய்ப்புக் கிடைத்தால் 40 மணி நேர மத்தியஸ்தர் பயிற்சியை விடாதீர்கள். வேடம் போட்டுப் பழகும் வகுப்பில் மனைவியாக உட்கார்ந்த சக வக்கீல், ‘ஞாயிற்றுக்கிழமை பையனை எங்கே வந்து கூட்டிப் போவார்’ என்பதிலேயே பிடிவாதமாக நின்றார், ஜீவனாம்சத்தில் கூட அவ்வளவு முட்டல் இல்லை. இப்போதெல்லாம் என் சமரச ஒப்பந்த வரைவுகளில் நாள், நேரம், ஒப்படைக்கும் இடம், தாமதமானால் யாருக்குச் சொல்வது எல்லாம் தனித்தனி வரி.