‘முகம் தெரியலை, கொஞ்சம் ஏத்துங்க’

லைட்டிங் ஆர்ட்டிஸ்டோடு அனிமேஷன் படத்துக்குப் போனால் பக்கத்து சீட்டுக்காரருக்கு நிம்மதி இருக்காது. கதை ஒரு பக்கம் ஓடும். நாங்கள் மூக்கின் மேல் விழும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருப்போம். சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் படங்களுக்கு ஷாட் ஷாட்டாக வெளிச்சம் வைப்பதுதான் என் பிழைப்பு. அதனால் அனிமேஷனில் கறுப்பின மக்கள் எப்படி வருகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால், கதைக்கு முன்னால் என் கண் போவது தோலுக்கும் தலைமுடிக்கும்தான்.

எங்கள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். “இப்பதான் எல்லாப் படத்துலயும் ஒருத்தரைக் கொண்டுவந்து வச்சுடுறாங்களே, இன்னும் என்ன வேணும்?” என்பார் ஷாட்டின் அடுக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் காம்ப் டீம் நண்பர். நான் சொல்வது ஒன்றுதான்: வந்தவர் எவ்வளவு நேரம் மனித உடம்போடு இருக்கிறார் என்று பாருங்கள். 2009இல் டிஸ்னி தன் முதல் கறுப்பின இளவரசியான டியானாவைக் கொண்டுவந்தது; படத்தின் பெரும்பகுதியில் அவள் தவளை. 2019இல் வந்த ‘ஸ்பைஸ் இன் டிஸ்கைஸ்’ படத்தில் வில் ஸ்மித் குரல் கொடுத்த உளவாளி புறாவாகிவிடுகிறார். 2020இல் பிக்ஸாரின் முதல் கறுப்பின நாயகன் ஜோ கார்ட்னர் ‘சோல்’ படத்தில் பாதி நேரம் நீல நிற ஆன்மா, அப்புறம் கொஞ்ச நேரம் பூனைக்குள். பேசி வைத்துக்கொண்டு செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று ஸ்டூடியோக்களுக்கும் ஒரே யோசனை வந்தால், அதைத் தற்செயல் என்று விட்டுவிடவும் மனசு வரவில்லை.

‘சோல்’ படத்தைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. இணை இயக்குநராகக் கெம்ப் பவர்ஸ் இருந்தார். பிக்ஸாரில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். ‘செல்மா’வுக்கும் ‘அரைவல்’ படத்துக்கும் ஒளிப்பதிவு செய்த பிராட்ஃபோர்ட் யங்கை வெளிச்சத்துக்கு ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். பலன் முடிதிருத்தும் கடைக் காட்சியில் தெரியும். அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பழுப்பு, வேறு வேறு முடி. ஒரே பிரவுனை எல்லோருக்கும் பூசி அனுப்பும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விருந்து.

அந்த வித்தியாசம் எங்கே வருகிறது என்பதற்கு எங்கள் டெஸ்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சீரீஸில், ராத்திரி நேரம், சமையலறை. ஒரு கறுப்பினச் சிறுவன் ஜன்னலோரம் நிற்கிறான். கிளையண்ட்டிடமிருந்து வந்த நோட்: முகம் தெரியவில்லை, ஏற்றுங்கள். டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் கீ லைட்டை, அதாவது முக்கிய விளக்கை, ஏற்றினாள். பின்னால் சுவர் வெளுத்தது. முகத்தில் உயிர் இல்லை. “அண்ணா, ஏத்த ஏத்த சாம்பல் பூசின மாதிரி ஆகுது” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். தோலுக்குள் போய்ச் சிதறித் திரும்பும் வெளிச்சம் ஒன்று. மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கும் பளபளப்பு இன்னொன்று. கருமையான தோலில் மெலனின் உள்ளே போன வெளிச்சத்தில் நிறையக் குடித்துவிடும். ஆனால் மேலே தெறிப்பது எந்த நிறத் தோலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே கன்னமும் நெற்றியும் மூக்கின் தண்டும் உருவம் பெறுவது அந்தப் பளபளப்பால்.

கீயைக் குறைத்துப் பக்கவாட்டுக்குத் தள்ளினோம். சின்ன லைட்டை எடுத்துவிட்டு, சுவர் அகலத்துக்குப் பெரிய லைட்டாக வைத்தோம். திறந்திருந்த ஃபிரிட்ஜிலிருந்து கொஞ்சம் குளிர்ந்த வெளிச்சம், அடுப்புப் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பாக ஒரு பவுன்ஸ், அதாவது பட்டுத் திரும்பும் வெளிச்சம். தோல் வெளிச்சத்தை எப்படி வாங்கும் என்று சொல்லும் ஷேடரில், பளபளப்பு கூட, ரஃப்னஸை (சொரசொரப்பை)த் துளி இறக்கினோம். அறையின் மொத்த வெளிச்சம் முன்னைவிடக் குறைவு. பையன் முகம் மட்டும் எழுந்து நின்றது. முடித்த ஷாட்களைப் போட்டுப் பார்க்கும் அடுத்த டெய்லீஸில் அந்த ஷாட்டுக்கு நோட்டே வரவில்லை. (நம்ம ஊர்க் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் இரண்டு ஷேட் வெளுப்பாக்கிக் கொடுப்பது வழக்கம். அந்தக் கை எங்கள் துறைக்கும் அப்படியே வந்துவிடுகிறது. கிளையண்ட்டை மட்டும் சொல்லிப் பயனில்லை.)

பிரச்சினை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. தோலுக்குள் வெளிச்சம் சிதறுவதைக் கணக்கிடும் முறை 2001இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையால்தான் எங்கள் உலகில் பரவியது. அன்றிலிருந்து டெமோ என்றால் வெள்ளைக்காரர் முகமும், பின்னாலிருந்து வெளிச்சம் பட்டுச் சிவக்கும் காது மடலும்தான். முன்பு பிக்ஸாரில் இருந்து, பிறகு யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன தியோடர் கிம் 2020இல் இதை வெளிப்படையாக எழுதினார்: தோல் என்றால் வெள்ளைத் தோல், முடி என்றால் நேர் முடி என்று வைத்துக்கொண்டே இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்தது என்று. இறுகச் சுருண்ட ஆப்பிரிக்க முடிக்கான கணித முறையை ஏ.எம். டார்க் என்ற கலைஞரும் அவரும் சேர்ந்து வெளியிட்டது 2024இல். மற்ற எல்லா முடிக்கும் வழி கண்டுபிடித்து எத்தனையோ வருஷம் கழித்து!

சீக்வல்கள் மேல் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த பாகம் என்றால், முன்பு செய்து வைத்த உருவங்கள் கிடக்கும் பழைய அசெட் கிடங்கைத் திறப்பார்கள். கூட்டத்தில் நிற்பவர்களுக்குப் பழைய முகம், பழைய முடி, மேல்பூச்சான டெக்ஸ்ச்சர் மட்டும் புதிது. கிடங்கில் இல்லாதது படத்திலும் இருக்காது. ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ 2004, அதன் இரண்டாம் பாகம் 2018. இரண்டிலும் கறுப்பின சூப்பர் ஹீரோவான ஃப்ரோசோன் கதாநாயகனுக்கு நண்பர் மட்டும்தான். அவர் மனைவி ஹனி வெறும் குரல். பதினான்கு வருஷ இடைவெளியில் எல்லாருடைய தோலும் உடையும் மெருகேறின, ஹனிக்கு மட்டும் முகம் வரவில்லை. நகைச்சுவைக்காகத்தான் என்பார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன்.

அதே 2018இல் ‘ரால்ஃப் பிரேக்ஸ் தி இன்டர்நெட்’ டிரெய்லரில் டியானா வந்தபோது, நிறம் வெளுத்து மூக்கு ஒடுங்கியிருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், டியானாவுக்குக் குரல் கொடுத்த அனிகா நோனி ரோஸையும் கலந்துபேசி மாற்றினார்கள். டிரெய்லர் வந்த பிறகு ஒரு பாத்திரத்தைத் திருத்துவது என்ன பாடு என்று எங்களுக்குத் தெரியும். மனசு வைத்தால் முடிகிறது, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் மறுபக்கம் ‘ஸ்பைடர்-வெர்ஸ்’. 2018 படத்தின் இயக்குநர்களில் ஒருவரான பீட்டர் ராம்சே, அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பின இயக்குநர். அதில் ஸ்பைடர்-மேனாகும் கறுப்பினச் சிறுவன் மைல்ஸ் முகமூடி போடுவான். ஆனால் மிருகமாக மாறுவதில்லை. எனக்கு இன்னும் பிடித்தது 2023இல் வந்த அடுத்த பாகம். அதில் இன்னொரு ஸ்பைடர் நாயகியான ஜெசிகா ட்ரூ கர்ப்பிணியாக, பெரிய ஆஃப்ரோ முடியோடு பைக் ஓட்டுகிறாள். இன்னொரு ஸ்பைடர்-மேனான ஹோபி லண்டன் பங்க் இசைக்காரன். பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல, அவன் உடம்பு, ஜாக்கெட், கிட்டார் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் அசைகிறது. ஒருவர் மட்டும் இருந்தால் இனத்தின் மானத்தையே அவர் சுமக்க வேண்டும், நல்லவராகவும் இருந்து தொலைக்க வேண்டும். நாலு பேர் இருந்தால் ஒருவர் கறார், ஒருவர் அடங்காப்பிடாரி, ஒருவர் கவலைப்படும் அப்பா. இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது சீக்வலின் பட்ஜெட்தான் என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘லயன் கிங்’ படத்தின் முன்கதையான ‘முஃபாசா’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ‘மூன்லைட்’ எடுத்து, கறுப்பு முகத்தில் ராத்திரி வெளிச்சம் எவ்வளவு அழகு என்று உலகத்துக்கே காட்டிய பேரி ஜென்கின்ஸும் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டனும் 2024இல் சேர்ந்து செய்த படம் அது. அவர்களிடம் கொடுத்தது சிங்கங்களை. பிடரி மயிர் பிரமாதம்.

2020இல் அறிவித்த டியானா சீரீஸை 2025 மார்ச்சில் டிஸ்னி கைவிட்டது. ஸ்ட்ரீமிங்குக்கு நீண்ட தொடர்கள் இனி வேண்டாம் என்ற கணக்கு. சில வருஷம் அதில் உழைத்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்தத் தோலுக்கும் முடிக்கும் கற்றுக்கொண்டதை எந்தக் கிடங்கில் வைத்தார்களோ. இன்க்ரெடிபிள்ஸ் மூன்றாம் பாகம் வருவதாக 2024இல் சொல்லிவிட்டார்கள். அதில் ஹனி அறையை விட்டு வெளியே வந்தால், அவள் தலைமுடிக்கென்று, முடி செய்யும் குரூம் டீமில் ஒருவரை மாதக்கணக்கில் உட்கார வைக்க வேண்டியிருக்கும். வைக்கட்டும். மீனுக்கும் கரடிக்கும் வைக்காத ஆளா.